வண்டல் நிலத்தின் வழியே ராவென்னாவுக்கு: மிதிவண்டிப் பயணத்தின் கடைசி ஐந்து நாட்கள்

ஆறாம் நாள்: ஃபெர்ராராவிலிருந்து கொமாக்கியோ

வட இத்தாலியில் கார்தா ஏரிக்கரையில் உள்ள பெஸ்கியேராவில் புறப்பட்டு, மின்சியோ ஆற்றோரமாக மாந்துவா வந்து, அங்கிருந்து போ நதியின் கரைமேலேயே ஃபெர்ராரா வரை மிதித்து வந்த நானும் தம்பியும் இன்று காலை பயணத்தின் கடைசிக் கட்டத்தைத் தொடங்கினோம். இன்னும் இரண்டு நாள் மிதித்தால் ராவென்னா வந்துவிடும். அதன்பின் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு ஊரைப் பார்ப்பது என்பது எங்கள் திட்டம்.

ஃபெர்ராராவை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. ஊரைச் சுற்றி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் பழைய மதிலின் மேல் மரநிழலில் ஒரு மண்பாதை ஓடுகிறது. முன்கூடையில் காய்கறிகளை நிரப்பிக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு, சற்றும் அவசரமில்லாமல் மிதித்துப் போகும் எழுபது வயதுப் பெண்களை அந்த ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அவர்களுக்கு மிதிவண்டி என்பது செருப்பைப் போல அன்றாடப் பொருள்.

ஊரைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிட்டது. தட்டை என்றால் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றமே இல்லாத தட்டை. போ நதி 652 கிலோமீட்டர் ஓடிவந்து, ஆல்ப்ஸ் மலைகளிலிருந்தும் அப்பென்னைன் மலைகளிலிருந்தும் அரித்து வந்த மண்ணை எல்லாம் கொட்டிக் கொட்டி உருவாக்கிய நிலம் இது. நாங்கள் இருவரும் கும்பகோணத்துப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் மதகும் வாய்க்காலும் கரைமேட்டுப் பாதையும் எங்களுக்குப் புதியவை அல்ல. ஆனாலும் ஒரு விஷயம் எங்களைத் திகைக்க வைத்தது. வயலில் நின்று பார்த்தால் வாய்க்காலின் தண்ணீர் தலைக்கு மேலே ஓடுகிறது. இந்தப் பகுதியில் பெரும்பரப்பு கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், மழைநீர் தானாக வடிந்து கடலுக்குப் போக வழியில்லை. அங்கங்கே இருக்கும் செங்கல் கட்டடங்களில் இயந்திரங்கள் நீரை இறைத்து மேலே உள்ள வாய்க்காலுக்கு ஏற்றுகின்றன. அந்த இயந்திரங்களை நிறுத்திவிட்டால் வயல்கள் மீண்டும் சதுப்பாகிவிடும்.

மாலையில் கொமாக்கியோ வந்து சேர்ந்தோம். வாய்க்கால்களுக்கு இடையே தீவுத்தீவாக நிற்கும் சிறிய ஊர் இது. 1634-இல் கட்டிய திரெப்போந்தி என்ற பாலத்தில் ஐந்து படிக்கட்டுகள் ஐந்து பக்கங்களிலிருந்து ஏறி உச்சியில் ஒன்றாகச் சேர்கின்றன. அதன் உச்சியில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை ஒன்றும் செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று மட்டும் 60 கிலோமீட்டர்.

ஏழாம் நாள்: காயலைச் சுற்றி

கொமாக்கியோ என்றால் விலாங்கு மீன். அட்லாண்டிக் பெருங்கடலில் பிறந்து குஞ்சுகளாகவே இந்தக் காயலுக்குள் நுழையும் விலாங்குகள், பல ஆண்டுகள் இங்கே வளர்ந்து, பின் இலையுதிர்காலத்தின் இருண்ட, புயல் வீசும் இரவுகளில் முட்டையிடுவதற்காகக் கடலைத் தேடிக் கிளம்புகின்றன. அவை கடலுக்குப் போகும் வழியில் அம்புமுனை வடிவத்தில் தட்டிகளை நட்டு, ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுகும் அறைகளில் அவற்றைச் சிறைப்படுத்துவது இவ்வூர் மீனவர்களின் பழைய முறை. பிடித்த மீனைக் கம்பியில் கோத்துத் தீயில் வாட்டி, வினிகரில் ஊறவைத்துப் பாதுகாத்த தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. காலையில் அங்கே போனபோது, வரிசையாக நிற்கும் அடுப்புகளின் கரி படிந்த சுவர்களையும் ஆள் உயரத் தீக்கம்பிகளையும் பார்த்தோம். அந்த அனலுக்கு முன்னால் நாள் முழுதும் நின்று மீனைத் திருப்பிக்கொண்டிருந்தவர்களை நினைத்ததும், வெளியே வெயிலில் மிதிக்கப்போகும் எங்கள் பாடு ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

காயலின் மேற்குப் பக்கமாகச் சுற்றி, கடந்த நூற்றாண்டில் நீரை வற்றவைத்து வயலாக்கிய மெத்சானோ பரப்பின் ஓரமாகப் போனோம். வீடில்லை, கடையில்லை, மரநிழலும் இல்லை. அங்கேதான் என் பின்சக்கரத்தில் முள் ஏறியது. தம்பி டியூபை வாய்க்கால் தண்ணீரில் அழுத்திக் குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அக்கா, தலையைத் தூக்கிப் பார்" என்றான். காயலின் ஆழமில்லாத நீரில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் நின்றிருந்தன. அவன் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியை வாங்கி, பஞ்சர் ஒட்டிக் காயும்வரை பார்த்தேன். அவை தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றைக் கலக்கி இரை தேடின.

அனிதா என்ற சிற்றூரைக் கடந்து ரேனோ ஆற்றின் கரைமேட்டில் ஏறினோம். அனிதா என்பது இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய தளபதி கரிபால்தியின் மனைவியின் பெயர். 1849-இல், சில மாதங்களே நிலைத்த ரோமானியக் குடியரசு வீழ்ந்தபின், ஆஸ்திரியப் படையினர் துரத்தி வர, கர்ப்பிணியான அவரோடு கரிபால்தி இந்தச் சதுப்புகளுக்குள் ஒளிந்து ஒளிந்து தப்பி வந்தார். ஆகஸ்ட் 4 அன்று, ஆற்றுக்கு அப்பால் மாந்த்ரியோலேயில் ஒரு பண்ணை வீட்டில் அனிதா காய்ச்சலோடு உயிர்விட்டார். படகுக்காரர்களும் குடியானவர்களும் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவர்களை ஒரு குடிசையிலிருந்து இன்னொரு குடிசைக்குக் கடத்திக் காப்பாற்றிய பாதைகளில்தான் நாங்கள் இன்று மிதித்தோம். கரையில் நின்று பார்த்தால் இந்த நிலத்தில் ஓர் ஆள் ஒளிய முடியும் என்றே தோன்றவில்லை. நாணல் புதருக்குள் இறங்கிப் பார்த்தபோதுதான் நான்கடி தள்ளி நின்ற தம்பியை நான் காணவில்லை என்பது புரிந்தது.

சாந்தல்பெர்தோவில் ரேனோவைக் கடக்கப் பாலம் இல்லை. கம்பியைப் பிடித்து அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் ஒரு சிறு மிதவைதான் காரையும் ஆளையும் மிதிவண்டியையும் ஒன்றாக ஏற்றிக்கொள்கிறது. கரை சேர ஓரிரு நிமிடங்களே ஆகின்றன. அதன்பின் பைன் காடுகளின் ஓரமாக ராவென்னாவை நோக்கித் தெற்கே இறங்கினோம்.

ஊருக்குள் நுழையும் முன்னரே தியோடரிக் மன்னனின் கல்லறை நின்றிருந்தது. கோத் இனத்தவனான அவன் இத்தாலியை ஆண்டு 526-இல் இறந்தான். இஸ்திரியக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி இரண்டு நிலைகளாக எழுப்பிய கட்டடத்தின் மேல், 10 மீட்டருக்கும் அதிகமான குறுக்களவு கொண்ட ஒரே கல் மூடியாக அமர்ந்திருக்கிறது. அதன் எடை 200 டன்னுக்கும் மேல். தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கு, இவ்வளவு பெரிய கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்கும் பழக்கம் சிறுவயதிலேயே வந்தது. இங்கே அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அட்ரியாட்டிக் கடலைத் தாண்டிக் கப்பலில் கொண்டுவந்த அந்தக் கல்லின் பாரத்தை இந்தச் சேற்று நிலம் 1,500 ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறதே, அது எப்படி?

எட்டாம் நாள்: கண்ணாடிச் சில்லுகள்

காலையில் எழுந்ததும் கால்கள் மிதிப்பதற்குத் தயாராக இருந்தன. ஆறேழு நாள் பழக்கத்தை உடம்பு ஒரே இரவில் விடுவதில்லை. ஆனால் இந்த ஊரின் நடுப்பகுதியை நடந்துதான் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தோம்.

ராவென்னா ஏன் தலைநகரானது என்ற கேள்விக்கு, மிதிவண்டியில் வந்தவர்களுக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. 402-ஆம் ஆண்டில் மேற்கு ரோமப் பேரரசன் ஹொனோரியஸ், எதிரிகள் எளிதில் எட்டக்கூடிய மிலானை விட்டு இங்கே வந்தான். குதிரைப்படை இறங்க முடியாத சதுப்பு மூன்று பக்கம், கப்பலில் உணவு வந்திறங்கும் கடல் ஒரு பக்கம் என்று, நாங்கள் நேற்று முழுதும் சுற்றிவந்த அதே நீரும் சேறும்தான் அவனுக்கு அரண். அதன்பின் கோத் மன்னர்களும், 540 முதல் கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியரும், 751-இல் லொம்பார்தியர் பிடிக்கும்வரை இங்கிருந்தே ஆண்டார்கள். அந்தக் காலத்தில் எழுந்த எட்டுக் கட்டடங்களை 1996-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

முதலில் கல்லா பிளாச்சிதியாவின் பெயரால் வழங்கும் சிறிய கட்டடம். ஹொனோரியஸின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கையான அவர் 450-இல் ரோமில் இறந்தார். வெளியே வெறும் செங்கல். சுற்றியுள்ள தரை காலப்போக்கில் உயர்ந்துவிட்டதால் கட்டடம் மண்ணில் அமிழ்ந்தது போலக் குட்டையாகத் தெரிகிறது. குனிந்து உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய வெண்கல் பலகைகள் பதித்த சன்னல்கள் வழியே தேன்நிற ஒளி கசிகிறது. கண் பழகப் பழக, தலைக்கு மேலே, சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியமாக, கருநீல வானமும், நடுவில் ஒரு பொற்சிலுவையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பொன் விண்மீன்களும் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. ஓரத்தில் இரண்டு புறாக்கள் நீர்க்கிண்ணத்தின் விளிம்பில் அமர்ந்திருக்கின்றன, ஒன்று குனிந்து குடிக்கிறது. உள்ளே இருக்க ஐந்து நிமிடங்கள்தான் அனுமதி. கண் பழகவே இரண்டு நிமிடம் போய்விடுவதால், அனுமதிச்சீட்டு வாங்கும் முன்பே வெயிலைத் தவிர்த்து நிழலில் சற்று நின்றுவிட்டு நுழைவது நல்லது என்று பின்னால் வருபவர்களுக்குச் சொல்வேன்.

அருகிலேயே 547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட எட்டுமூலைக் கோயிலான சான் விதாலே. இதன் பீடப்பகுதியின் இரு சுவர்களிலும் பேரரசன் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் ஒருநாளும் ராவென்னாவுக்கு வந்ததில்லை. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்தபடியே, தங்கள் உருவத்தின் மூலம் இந்தக் கோயிலின் வழிபாட்டில் என்றென்றைக்கும் கலந்துகொள்கிறார்கள். ஜஸ்டினியனுக்கு அருகில் நிற்கும் ஆயர் மாக்ஸிமியனின் தலைக்கு மேல் மட்டும் பெயர் எழுதியிருக்கிறது. தியோடோராவின் மேலாடையின் கீழ் ஓரத்தில், கிழக்கிலிருந்து பரிசுகளோடு வந்த மூன்று ஞானிகளின் உருவத்தைப் பொன்வேலைப்பாடாகக் காட்டியிருக்கிறார்கள். படத்துக்குள் ஒரு துணி, அந்தத் துணிக்குள் ஒரு படம்.

நேற்றுப் பூநாரைகளைப் பார்த்த தொலைநோக்கி இன்று மிகவும் உதவியது. அதன் வழியே தியோடோராவின் முகத்தைப் பார்த்தபோது, முகம் கலைந்து சில்லுகளாகிவிட்டது. ஒவ்வொரு சில்லும் விரல்நகத்தைவிடச் சிறியது. பொன் சில்லு என்பது கண்ணாடியின் மேல் தங்க இதழை வைத்து, அதன்மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடியை உருக்கி மூடிச் செய்வது. இவற்றைச் சுவரில் சமமாகப் பதித்திருந்தால் ஒளி ஒரே திசையில் தெறித்துவிடும். அதனால் சாந்து ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றையும் சற்றே வெவ்வேறு சாய்வில் அழுத்தியிருக்கிறார்கள். நான் ஓரடி நகர்ந்தால், அணைந்திருந்த சில்லுகள் ஒளிர்கின்றன, ஒளிர்ந்தவை அணைகின்றன. புகைப்படத்தில் இது வராது. நின்ற இடத்திலேயே நின்று பார்ப்பவர்களுக்கும் இது தெரியாது. ஆகவே தயவுசெய்து மெதுவாக நடந்துகொண்டே பாருங்கள்.

இன்று நான் பார்த்தவற்றுள் மனத்தை விட்டு அகலாதது பிற்பகலில் சாந்தப்பொல்லினாரே நுவோவோ கோயிலில் இருந்தது. தியோடரிக் தன் அரண்மனைக்காகக் கட்டிய கோயில் அது. நடுக்கூடத்தின் ஒரு சுவரில் வெண்ணுடை அணிந்த 26 ஆண்களும் எதிர்ச்சுவரில் 22 கன்னியரும் ஊர்வலமாக நடக்கிறார்கள். கன்னியரின் ஊர்வலம் கிளாஸ்ஸே துறைமுகத்தில் தொடங்குகிறது. கப்பல்கள் நிற்கும் நீலக் கடலை அங்கே காணலாம். ஆண்களின் ஊர்வலம் தியோடரிக்கின் அரண்மனையிலிருந்து புறப்படுகிறது. அந்த அரண்மனையின் தூண்களுக்கு இடையே மன்னனும் அவன் அவையோரும் நின்றிருக்க வேண்டும். பைசாந்தியர் ஊரைப் பிடித்தபின், கிறிஸ்து கடவுளுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியஸின் கொள்கையைப் பின்பற்றிய கோத்தியர்களின் நினைவை அழிக்க எண்ணி, அந்த உருவங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அவர்கள் நின்ற இடத்தில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் நீண்டிருந்த கைகளை விட்டுவிட்டார்கள். தொலைநோக்கியில் பார்த்தால், வெண்மையான தூணின் குறுக்கே உடலில்லாத ஒரு கை தெரிகிறது. இன்னொரு தூணில் இன்னொரு கை.

தூணுக்குக் கேடு வராமல் கையை எடுக்க முடியாது என்று நினைத்தார்களா, வேலையாட்களுக்கு அலுத்துப்போனதா, அல்லது அழித்தோம் என்பதைப் பார்ப்பவர்கள் அறிய வேண்டும் என்றே விட்டார்களா? தம்பிக்கு மூன்றாவதுதான் சரியென்று படுகிறது. எனக்கோ, சாரத்தின் மேல் நின்று சுத்தியலை ஓங்கிய ஒருவன் அந்தக் கைகளைக் கண்டு கொஞ்சம் தயங்கியிருப்பான் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இரவு உணவுக்குப் பியதீனா. நம் சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமான ரொட்டி, உள்ளே இளகிய வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் கீரையும். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

ஒன்பதாம் நாள்: கடல் விலகிப்போன துறைமுகம்

இன்று காலையில் வண்டிகளைக் கடைசி முறையாக எடுத்தோம். ஊரின் தெற்கே சில கிலோமீட்டரில் கிளாஸ்ஸே. நேற்று மொசைக்கில் கப்பல்களோடு பார்த்த துறைமுகம் இதுதான். பேரரசன் அகஸ்டஸ் தன் கடற்படைக்காக அமைத்த அந்தத் துறைமுகத்தில் 250 கப்பல்கள் நிற்கலாம் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. இன்று சுற்றிலும் வயல்கள்தான். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, கடல் கைவிட்டுப் போன துறைமுகத்தின் நடுவே நிற்பது புதிய அனுபவம்.

அந்த வயல்வெளியில் தனியே நிற்கிறது 549-இல் திருநிலைப்படுத்தப்பட்ட சாந்தப்பொல்லினாரே இன் கிளாஸ்ஸே பேராலயம். பீடத்துக்கு மேல் அரைவட்டக் குடையில் ஒரே பச்சை. புல்வெளி, பைன் மரங்கள், புதர்கள், பறவைகள், கீழே வெள்ளை ஆடுகள். மேலே நீல வட்டத்துக்குள் மணிகள் பதித்த சிலுவையும் அதைச் சுற்றி 99 விண்மீன்களும் இருக்கின்றன. அரசனும் இல்லை, அவையும் இல்லை. ராவென்னாவின் கோயில்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது கேட்டால், சான் விதாலேயின் புகழை அறிந்தும் நான் இதைத்தான் சொல்வேன். நாங்கள் பைன் காட்டின் ஓரமாக மிதித்து வந்த அதே நிலத்தை, அந்தக் கைவினைஞர்கள் சுவர்க்கமாகப் பார்த்திருக்கிறார்கள்.

பிற்பகலில் ஊருக்குத் திரும்பி, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறைக்குப் போனோம். சொந்த ஊரான ஃபிளாரன்ஸ் 1302-இல் அவரை நாடு கடத்தியது. கடைசி ஆண்டுகளை ராவென்னாவில் கழித்த அவர், 1321-இல் வெனிஸுக்குத் தூது போய்த் திரும்புகையில் சதுப்புநிலக் காய்ச்சலான மலேரியா கண்டு, செப்டம்பரில் இங்கேயே இறந்தார். அனிதாவை நினைத்துக்கொண்டேன். அரசர்களுக்கு அரணாக இருந்த நீர் தாந்தேயின் உயிரைக் குடித்திருக்கிறது. பின்னர் ஃபிளாரன்ஸ் தன் கவிஞரின் எலும்புகளைத் திருப்பிக் கேட்டது. 1519-இல் போப்பின் அனுமதியோடு வந்தவர்கள் பேழையைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் முன்னரே எலும்புகளை எடுத்து மறைத்துவிட்டிருந்தார்கள். 1865-இல் கட்டட வேலையின்போதுதான் அந்தப் பெட்டி சுவருக்குள் தற்செயலாகக் கிடைத்தது. கல்லறைக்குள் தொங்கும் விளக்குக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் ஃபிளாரன்ஸ் நகரம் எண்ணெய் கொடுக்கிறது. நாங்கள் பார்த்தபோது அது அந்தப் புதிய எண்ணெயில்தான் எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்திலேயே, தாந்தேயின் இறுதிச் சடங்கு நடந்த சான் பிரான்செஸ்கோ கோயில். பீடத்துக்குக் கீழே ஒரு திறப்பு வழியாக எட்டிப் பார்த்தால், பத்தாம் நூற்றாண்டின் நிலவறை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. காசு போட்டதும் விளக்கு எரிந்தது. குட்டைத் தூண்களுக்கு இடையே தெளிந்த நீர், நீருக்கு அடியில் மொசைக் தரை, அதன்மேல் நிழலை விழவிட்டபடி நீந்தும் செம்பொன் மீன்கள். வண்டல் தன் எடையாலேயே இறுகி அமிழ்வதால் ஊர் எப்போதும் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. கடந்த நூற்றாண்டில் நிலத்தடி நீரையும் இயற்கை எரிவாயுவையும் உறிஞ்சியதால் அது விரைவுபட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு சிறுமி, விளக்கு அணைந்ததும் தன் தாத்தாவிடம் இன்னொரு காசு வாங்கிப் போட்டாள். அவள் போட்ட காசில் நாங்களும் இன்னொரு முறை பார்த்தோம்.

இந்த ஊரில் நான் தேடிவந்த இன்னொருவர் வீரமாமுனிவர். 1680-இல் மாந்துவா பக்கத்துக் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, இயேசு சபையில் சேர்ந்தபின் பயிற்சி பெற்ற ஊர்களில் ராவென்னாவும் ஒன்று. எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் நாம் இன்று எழுத்தில் பிரித்து எழுதுவதற்குக் காரணமானவர், தமிழைக் கற்கும் முன்னரே இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார். போ நதியின் வண்டல் நாட்டிலிருந்து புறப்பட்டவர், கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் பல காலம் வாழ்ந்தார். அவருக்கு இங்கே கல்வெட்டோ சிலையோ என் கண்ணில் படவில்லை. சான் பிரான்செஸ்கோவின் முன்னுள்ள கல்பலகையில் உட்கார்ந்து, நாட்குறிப்பில் அவர் பெயரைத் தமிழில் எழுதினேன்.

பத்தாம் நாள்: புறப்பாடு

காலை முழுதும் தங்கும் விடுதியின் பின்முற்றத்தில் வண்டிகளைப் பிரிப்பதிலேயே கழிந்தது. ஒரு மிதிவண்டிக் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு பழைய அட்டைப்பெட்டிகள், ஒரு சுருள் நாடா, இரண்டு திருகுச்சாவிகள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதைத் தம்பி மறந்து, பத்து நிமிடம் அதை இறுக்கிக்கொண்டே இருந்தான். கைப்பிடியைக் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, முன்சக்கரத்தை எடுத்து, டயர்களின் காற்றை இறக்கினோம். பிற்பகல் ரயிலில் பொலோன்யா, இரவு அங்கிருந்து விமானம். மொத்தம் 325 கிலோமீட்டர்.

மண்காப்பின் உட்புறத்தில் சாம்பல் நிறச் சேறு விரற்கடைத் தடிமனில் காய்ந்து ஒட்டியிருந்தது. மாந்துவா முதல் கிளாஸ்ஸே வரை வழிநெடுக ஏறிய மண். கரண்டியின் பின்பக்கத்தால் சுரண்டித் தரையில் தட்டி, குழாயைத் திறந்து சாக்கடைக்குள் தள்ளப் போனேன். விடுதியை நடத்தும் மூதாட்டி சன்னலிலிருந்து கையை ஆட்டித் தடுத்தார். கீழே இறங்கி வந்து, அந்த மண்ணை இரு கைகளாலும் கூட்டி அள்ளி, முற்றத்து மூலையில் இருந்த ரோஸ்மேரித் தொட்டியில் போட்டு விரலால் அழுத்தினார். மிச்சம் கிடந்ததை நானும் அள்ளிக் கொடுத்தேன்.